பாலாறு செத்துப்போச்சா? மணலுக்கு அடியில் இருக்கிற ஆற்றைப் பற்றிக் கொஞ்சம்

போன மாசி மாதம் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலூருக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மேற்கு வங்கத்துக்காரர் ஒருவர், மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்தார். நம்ம ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிற ஆயிரம் பேரில் ஒருவர். ஆட்டோ பாலத்தில் ஏறியதும் எட்டிப் பார்த்தார். கீழே சீமைக்கருவேல் புதர், மணல் திட்டு, நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர், நாலைந்து மாடு. இது என்ன இடம் என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஆறு என்றேன். "நதியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார். கங்கைப் பக்கத்து ஆள், சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தபடியே, "ஆறு எங்க சார் கீது, அது செத்து இருபது வருசம் ஆச்சு" என்றார்.

எனக்கு அந்த மனிதர் சிரித்ததில் வருத்தமில்லை, ஆட்டோக்காரர் சொன்னதில்தான் வருத்தம். ஏனென்றால் 2021 நவம்பரில் இதே பாலத்தில் நின்று வெள்ளத்தை செல்போனில் படம் பிடித்த கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார், நானும் இருந்தேன். செத்த ஆற்றில் எங்கிருந்து வந்தது அவ்வளவு தண்ணீர்?

வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு, எல்லோருக்கும் தெரியும்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு. இதில் சாமி இல்லாத கோயில் என்பது 1981லேயே காலாவதியாகிவிட்டது. அந்த வருடம்தான் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணியில்லாத ஆறு என்பதும் சரியான பேச்சு இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் நீரியல் படித்தவன் இல்லை. ஆற்றுக்குப் பக்கத்தில் கிணறு உள்ள வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான். அதனால் கணக்கெல்லாம் மளிகைக் கடைக் கணக்கு அளவில்தான் இருக்கும்.

எல்லா ஆறும் ஒரே சாதி இல்லை

ஆறு என்றதும் நம் மனதில் வருகிற படம் பாடப்புத்தகத்தில் பார்த்த கங்கை. மலையில் பனி உருகி, வெயில் காலத்திலும் தண்ணீர் வரும். காவிரிக்குப் பனி இல்லை என்றாலும் குடகு மலை இருக்கிறது, தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். பாலாற்றுக்கு இந்த இரண்டு பாக்கியமும் கிடையாது. அது பிறப்பது கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம், கோலார் மேட்டுநிலத்தின் வழியாக வருகிறது. கோலார் நம்மைவிடக் காய்ந்த ஊர். அங்கே சாதாரண வருடத்தில் பெய்கிற மழை 750 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், அதையும் ஏரிகளாக வெட்டி வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏரிகளுக்கே பேர் போன ஜில்லா அது.

ஆக பாலாறு ஒரு பருவ ஆறு. மழை பெய்தால் மேலே ஓடும், மழை நின்று கொஞ்ச நாளில் மேலே ஓடுவது நின்றுவிடும், பருவ ஆறு என்றால் அவ்வளவுதான் அர்த்தம். நம் தாத்தா காலத்திலும் சித்திரை வைகாசியில் பாலாறு மணலாகத்தான் கிடந்தது. கரை புரண்டு வருடம் முழுக்க ஓடியதாகச் சொல்கிறவர்கள் ஆசையில் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மணலுக்கும் இந்தக் காலத்து மணலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதற்கு வருகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பொன்னையாறும் தென்பெண்ணையும் ஒன்றில்லை. தென்பெண்ணையைப் பொன்னையாறு என்றும் எழுதுவதால் வருகிற வினை இது. தென்பெண்ணையும் நந்தி மலைப் பக்கம்தான் பிறக்கிறது, ஆனால் அது கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் என்று தனி வழியில் போய்விடும். நம்ம பொன்னை சித்தூர் பக்கமிருந்து வந்து திருவலத்தைத் தாண்டி பாலாற்றில் கலக்கிற துணையாறு. துணையாறு என்றால் பெரிய ஆற்றில் வந்து சேர்கிற சின்ன ஆறு. வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரைக்கும் இப்படி மலட்டாறு, குடியாத்தம் கவுண்டன்யா, அகரம் ஆறு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு பக்கெட் மணல்

இப்போது முக்கியமான விஷயம். வீடு கட்டுகிற இடத்தில் போய் ஒரு பக்கெட் ஆற்று மணல் வாங்கி வாருங்கள் (கிடைத்தால்! இப்போது எல்லாம் எம்-சாண்ட்தான்). நன்றாகக் காய்ந்த மணலைப் பக்கெட்டின் விளிம்பு வரை நிரப்புங்கள். பக்கெட் நிறைந்துவிட்டது, சரி. இப்போது ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். வழியாது. இன்னொரு சொம்பு ஊற்றுங்கள், உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏறக்குறைய பக்கெட் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்த பிறகுதான் மேலே பளபளப்பு தெரியும்.

அந்தத் தண்ணீர் மணல் பொடிக்குள் போகவில்லை. மணல் பொடிகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில் போய் உட்கார்ந்துகொண்டது. இதைத் துளையிடம் என்பார்கள், அதாவது மொத்தப் பருமனில் எவ்வளவு பங்கு காலி சந்து என்கிற கணக்கு. களிமண்ணிலும் துளையிடம் உண்டு, சொல்லப்போனால் மணலைவிட அதிகம். ஆனால் அதன் சந்துகள் ஊசிமுனையைவிடச் சின்னது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ஊறிய களிமண்ணைப் பிழிந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவிட முடியுமா? மணல் அப்படி இல்லை, வாங்கவும் செய்யும் கொடுக்கவும் செய்யும். பக்கெட்டின் அடியில் ஒரு ஓட்டை போட்டால் ஊற்றியதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும், கொஞ்சம் மட்டும் ஈரமாக மணலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படி தண்ணீரைத் தேக்கி வைத்துக் கேட்டபோது கொடுக்கிற மண் அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர். பாலாற்றின் படுகை முழுக்க ஒரு நீளமான நீர்த்தாங்கி.

எவ்வளவு பிடிக்கும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், இது அளந்து எடுத்த கணக்கு இல்லை, புரிவதற்காகப் போடுகிற கணக்கு. ஆறு 500 மீட்டர் அகலம், மணல் 5 மீட்டர் ஆழம், நீளம் ஒரே ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணல் 25 லட்சம் கன மீட்டர். அதில் கால் பங்குதான் நம் கைக்கு வரும் தண்ணீர் என்றாலும் 62.5 கோடி லிட்டர். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கம் வைத்திருக்கிற அளவு. அப்படியானால் ஒரு லட்சம் பேருக்கு 46 நாள் தண்ணீர், மேலே ஒரு சொட்டு ஓடாத ஒரு கிலோமீட்டர் "செத்த" ஆற்றிலிருந்து. தமிழ்நாட்டுக்குள் பாலாறு ஓடுகிற தூரம் 222 கிலோமீட்டர். எல்லா இடத்திலும் இதே அகலமும் ஆழமும் இருக்காது, இருந்தாலும் ஆற்றை மேலே பார்த்து எடை போடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இதுவரை சொன்னது: பாலாறு மழையை மட்டும் நம்பிய பருவ ஆறு, அதனால் வருடத்தில் பாதிக்கு மேல் மேலே காய்ந்திருப்பது அதன் சுபாவம். அதன் தண்ணீர்ப் பாத்திரம் மணல்.

அடியில் "ஓடுது" என்றால்

இங்கே இன்னொரு தப்பான நினைப்பு. பாலாறு பூமிக்கு அடியில் ஓடுகிறது என்று சொன்னால், சிலர் கீழே குகை மாதிரி ஒரு பாதை இருப்பதாகவும் அதில் சலசலவென்று தண்ணீர் போவதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். போர் போடுகிறவர்களும் "அடியில பெரிய ஓட்டம் கீது சார்" என்று அதற்கு எண்ணெய் ஊற்றுவார்கள். குகை எல்லாம் கிடையாது. மணல் சந்துகளுக்குள் புகுந்து புகுந்து, சரிவு இருக்கிற பக்கமாகத் தண்ணீர் நகர்கிறது. அதுதான் அடிநீரோட்டம். எவ்வளவு வேகம் என்றால், ஒரு நாளைக்குச் சில அடிகள், பல இடங்களில் அதுவும் கிடையாது. ஒரு நாள் முழுக்க நகர்ந்து உங்கள் வாசலிலிருந்து திண்ணைக்கு வரும்.

இந்த மந்தம்தான் நமக்கு வரம். வேகமாக ஓடுகிற தண்ணீர் இரண்டு நாளில் வயலூர்ப் பக்கம் கடலுக்குப் போய்விடும். மணலில் போகிற தண்ணீர் ஐப்பசியில் வந்ததை வைகாசி வரைக்கும் வைத்திருக்கும், வெயிலில் ஆவியாவதும் குறைவு, ஏனென்றால் மேல் மணல் இரண்டு மூன்று அடி காய்ந்துவிட்டால் அதுவே கீழே இருப்பதற்கு மூடி மாதிரி ஆகிவிடுகிறது.

என் பாட்டிக்கு இந்த வார்த்தைகள் எதுவும் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். கோடை விடுமுறையில் விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றில் இறங்கி, நாணல் கொஞ்சம் பச்சையாக இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருவாள். கையால் மணலை ஒதுக்குவாள். முதலில் சுடும் மணல், அப்புறம் வெதுவெதுப்பு, அப்புறம் நிறம் மாறி ஈரம், முழங்கை ஆழத்தில் சுற்றிலும் இருந்து மணல் சரிந்து சரிந்து தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் நாலு தடவை இறைத்து வெளியே ஊற்றுவாள். "அவசரப்படாதடா, அது தெளியணும்" என்பாள். ஐந்தாவது முறை ஊறுவது கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த ஊற்றுப் பள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்தில் வந்து நின்றதோ அதுதான் நிலத்தடி நீர்மட்டம். அதாவது அந்த மட்டத்துக்குக் கீழே எல்லா சந்தும் தண்ணீர், மேலே சந்துகளில் காற்று. பெரிய பெரிய அறிக்கைகளில் வருகிற வார்த்தை அது, பாட்டிக்கு அது முழங்கை.

பாட்டி கையால் செய்ததை ஊரே சேர்ந்து மண்வெட்டியால் செய்தால் அதற்கு ஊற்றுக்கால் என்று பேர். ஆற்று மணலுக்குள் நீளமாக ஒரு கால்வாய் தோண்டுவார்கள், ஆறு சரிகிற சரிவைவிடக் குறைந்த சரிவில். கசிகிற தண்ணீர் அதில் சேர்ந்து, கொஞ்ச தூரத்தில் கரை மட்டத்துக்கு வந்து, தானாகவே வயலுக்குப் பாயும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. வட ஆற்காட்டு விவசாயத்தில் இது ரொம்ப காலம் நடந்த முறை. வருடா வருடம் வெள்ளம் வந்து மூடிவிடும், வருடா வருடம் ஊர் கூடித் தூர் எடுக்கும்.

மேலே ஓடுகிற வெள்ளத்துக்குத் தனி ஏற்பாடு. வாலாஜாவுக்குப் பக்கத்தில் 1850களில் வெள்ளைக்காரன் கட்டிய பாலாறு அணைக்கட்டு இருக்கிறதே, அது தண்ணீரைத் தேக்கி வைக்கிற மேட்டூர் மாதிரியான அணை இல்லை. குறுக்கே ஒரு தாழ்ந்த சுவர், தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கக் கால்வாயிலும் தள்ளிவிடும். காவேரிப்பாக்கம் ஏரி உட்பட வரிசையாக எத்தனையோ ஏரிகளுக்கு அதுதான் உயிர். அந்த ஏரிகளில் பலது பல்லவர் காலத்தவை. வருகிறபோது பிடித்து ஏரியில் போடு, மீதியை மணல் குடிக்கட்டும், வறண்டால் தோண்டிக்கொள்: இந்த ஜில்லாவின் மொத்தத் தண்ணீர் அறிவும் இவ்வளவுதான், ஆனால் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு?

இப்போது அதே விரிஞ்சிபுரத்தில் முழங்கை ஆழம் தோண்டினால் தூசிதான் வருகிறது, பல இடங்களில் தோண்ட மணலே இல்லை. இரண்டு காரணம் மணலோடு சம்பந்தப்பட்டது, அதைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் காரணம் சுலபம். மணலை அள்ளினால் பாத்திரம் சின்னதாகிறது. மேலே போட்ட கணக்கில் 5 மீட்டர் மணலில் 3 மீட்டரை லாரியில் ஏற்றிவிட்டால், 46 நாள் தண்ணீர் 18 நாளாகிவிடும். பக்கெட்டை எடுத்துவிட்டு டம்ளரை வைத்த கதை.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம், ஆனால் இதுதான் கரையோரக் கிணறுகளைக் கொன்றது. கொத்தனார் மட்டம் பார்க்க ஒரு நீளமான தண்ணீர் டியூப் வைத்திருப்பாரே, ஒரு முனையை இந்தச் சுவரிலும் இன்னொரு முனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு முனையைத் தாழ்த்தினால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவரும். ஆறும் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் இதே மாதிரி மண்ணுக்கு அடியில் ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஆற்றின் படுகை மூன்று மீட்டர் பள்ளமானால், டியூபின் ஒரு முனையைத் தாழ்த்தியது போலத்தான், கிணற்றுத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் வடிந்து இறங்கிவிடும். எங்கள் வீட்டுக் கிணற்றில் அப்பா சுவரில் வருடா வருடம் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். நான் பத்தாவது படிக்கும்போது பதினெட்டு அடியில் கோடு. ஆற்றில் பகலிலும் இரவிலும் லாரி இறங்க ஆரம்பித்த ஐந்தாறு வருடத்தில் கோடு போட இடமில்லை, கிணற்றின் அடி தெரிந்துவிட்டது.

இதே டியூப் எதிர்ப் பக்கமும் வேலை செய்யும். ஊரில் எல்லோரும் போர் போட்டு உறிஞ்சினால் ஊர்ப்பக்க முனை தாழும், அப்போது ஆற்றின் தண்ணீர் ஊருக்குள் இறங்கும். முன்பெல்லாம் மழை நின்ற பிறகு நிலம் ஆற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது, அதனால்தான் தை மாசி வரைக்கும் ஒரு ஓடையாவது ஓடும். இப்போது ஆறு நிலத்துக்குக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளம் வந்து பத்து நாளில் மேலே காய்ந்துவிட்டதே, தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிறார்களே, பெரும்பகுதி கீழே போனது, நாம் காலி பண்ணி வைத்த இடத்தை நிரப்ப.

எல்லாம் ஆந்திராக்காரன் வேலையா?

டீக்கடைத் தீர்ப்பு இதுதான். பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி நம்மிடம். அந்த 33 கிலோமீட்டரில் ஆந்திரா வரிசையாகத் தடுப்பணைகள் கட்டியிருப்பது உண்மை. தடுப்பணை என்பது ஆற்றுக்குக் குறுக்கே கட்டுகிற தாழ்ந்த சுவர், கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதற்காக. வாணியம்பாடி எல்லையில் புல்லூர் தடுப்பணையை 2016இல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியதும் உண்மை. பாலாறு 1892ஆம் வருட சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் வருகிற ஆறு, கீழே இருக்கிறவரைக் கேட்காமல் மேலே இருக்கிறவர் புதிதாகக் கட்டக்கூடாது என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாடு கோர்ட்டுக்குப் போனதில் நியாயம் இருக்கிறது. கர்நாடகத்திலும் தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டிய பேத்தமங்கலம் அணை நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது.

தடுப்பணைகள் முக்கியமாகப் பிடிப்பது சின்ன வெள்ளங்களை. பெரிய வெள்ளம் வந்தால் தாண்டிக் குதித்து வந்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிக்கு அந்தச் சின்ன வெள்ளங்கள்தான் வருடாந்திரச் சாப்பாடு, அவர்களுக்கு அடி பலமாகவே விழுந்தது. ஆனால் மணலை அள்ளியது எந்த ஊர் லாரி? 222 கிலோமீட்டர் நம் கையில் இருந்ததே, ஜவ்வாது மலையிலிருந்து வருகிற ஓடைகள் நம்முடையவை, ஏரிக் கால்வாய்களை மறித்து மனை போட்டது நாம். நான் பங்கு பிரித்தால் ஆந்திராவுக்குக் கொடுப்பதைவிட நமக்குத்தான் பெரிய பங்கு வைப்பேன். இதைச் சொன்னால் டீக்கடையில் சண்டைக்கு வருவார்கள், வந்திருக்கிறார்கள்.

நான்கு நிமிட வெள்ளம்

2021 நவம்பர் பதினெட்டு, பத்தொன்பது வாக்கில் பாலாற்றில் வந்த தண்ணீர் அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. செய்தியில் கன அடி என்று சொல்வது ஒரு நொடிக்குப் போகிற அளவு, ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். லட்சம் கன அடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரி 230க்கு மேல் ஒவ்வொரு நொடியும் போகிறது என்று அர்த்தம். 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்துக்கு அப்புறம் இவ்வளவு பார்த்ததில்லை என்றார்கள். விருதம்பட்டுப் பக்கம் கரையோரத்தில் இருந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு மண்டபங்களுக்கு ஓடினார்கள். பொன்னையிலும் அதே ஆட்டம். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, டிசம்பரில், திருவலம் பக்கத்தில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு சென்னை ரயில்களை நிறுத்தியது நினைவிருக்கும்.

நம்முடைய ஒரு கிலோமீட்டர் மணல் கணக்குக்கு வருவோம். 62.5 கோடி லிட்டர் பிடிக்கிற பாத்திரம், நொடிக்கு 28 லட்சம் லிட்டர் தண்ணீர். வகுத்துப் பார்த்தால் நான்கு நிமிடத்துக்குள் நிரம்பிவிட வேண்டும். ஆனால் மணலால் அந்த வேகத்தில் குடிக்க முடியாது. பக்கெட்டில் சொம்பு சொம்பாக ஊற்றியபோது குடித்த மணல், பைப்பைத் திறந்து அடித்தால் வழிய விடும், மேல் மணலையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு லட்சம் கன அடி இரண்டு நாள் வருவதைவிட, ஆயிரம் கன அடி இரண்டு மாதம் வருவதுதான் ஆற்றுக்கு லாபம். அந்த வருடம் எங்கள் தெருவில் கிணறுகள் ஏறியது வெள்ளம் வந்த அன்றைக்கு இல்லை. அதற்கு அப்புறம் வாரக்கணக்கில் முழங்கால் அளவுத் தண்ணீர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்ததே, அப்போதுதான்.

சுருக்கமாக: மணல் இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் நிதானமாக வரவும் வேண்டும், அக்கம்பக்கத்து நீர்மட்டம் அதல பாதாளத்தில் இல்லாமலும் இருக்க வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் மேலே நிற்கிற தண்ணீர் சீக்கிரம் மறைந்துவிடும்.

ஆற்றுக்கு முதுகு காட்டி வளர்ந்த ஊர்

வேலூர் ஆற்றங்கரை ஊர் என்று சொல்கிறோமே தவிர, பழைய வேலூர் ஆற்றின் மேல் உட்கார்ந்த ஊர் இல்லை. கோட்டையும் அகழியும் அதைச் சுற்றிய பஜாரும் ஆற்றிலிருந்து விலகி, மலைப் பக்கமாகத்தான் இருக்கின்றன. குடிதண்ணீருக்கு ஓட்டேரி ஏரி. 1911இல் சித்தூரிலிருந்து வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம் இங்கே வந்தது, 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனை சிஎம்சியாக வளர்ந்தது, 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி விஐடி ஆயிற்று. ஊர் வடக்கே நகர்ந்து நகர்ந்து ஆற்றைத் தொட்டது, அக்கரையில் காட்பாடி இக்கரையை நோக்கி வந்தது. 2008இல் மாநகராட்சி ஆனது, பிறகு காட்பாடியும் சத்துவாச்சாரியும் அதற்குள் வந்தன. இப்போது ஆறு ஊரின் எல்லை இல்லை, ஊரின் நடு.

நடுவில் இருக்கிற ஆற்றை நாம் என்னவாக வைத்திருக்கிறோம்? மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் இறங்குகிற மைதானமாக. கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் 1832இல் இங்கே சிறையிருப்பில் இறந்துபோனார், அவருடைய முத்துமண்டபம் கரையில்தான் இருக்கிறது, அதை வந்து பார்க்கிற இலங்கைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிற இடமாக. மற்றபடி குப்பை, கட்டட இடிபாடு, நிக்கல்சன் கால்வாய் கொண்டுவந்து கொட்டுகிற சாக்கடை. அந்த வங்காளத்துக்காரர் பாலத்தின் கீழே பார்த்த கறுப்பு வாய்க்கால் பாலாறு இல்லை, அது நம்ம வீட்டுப் பாத்ரூம் தண்ணீர்.

குடிக்க? 200 கிலோமீட்டர் வாக்கில் தள்ளியிருக்கிற மேட்டூரிலிருந்து குழாயில் காவிரி வருகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நகரம் கொஞ்சம் மூச்சு விட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு பக்க விளைவும் உண்டு, ஆற்றைப் பற்றிக் கவலைப்படுவதற்கு இருந்த சொந்தக் காரணம் போய்விட்டது. குழாய் உடைந்து நாலு நாள் காவிரி வராதபோது லாரிக்காரர் எங்கே நிரப்புகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஆற்றோரக் கிணறுதான்.

மணல் வடிகட்டாத ஒன்று

கடைசியாக உப்பு. ஆற்று மணல் இயற்கை ஃபில்டர் என்று வாட்ஸ்அப்பில் வரும், பாதி சரி. கலங்கலை வடிகட்டும், கிருமியையும் ஓரளவு குறைக்கும், பாட்டியின் ஐந்தாவது கொட்டாங்குச்சித் தண்ணீர் தெளிந்தது அதனால்தான். ஆனால் கரைந்த உப்பை மணலால் ஒன்றும் செய்ய முடியாது. ரசத்தை மெல்லிய துணியில் வடிகட்டினால் மிளகு நிற்கும், உப்பு நிற்குமா?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கெமிக்கல், குரோமியம் என்பார்கள். குரோமியம் ஆபத்துதான், ஆனால் கிணறுகளைப் பரவலாகக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி வைப்பார்கள், பதனிட வரும்போது முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. அந்தக் கழுவு தண்ணீர் பல வருடம் நிலத்திலும் ஆற்றிலும் போனது. தண்ணீரில் இப்படிக் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவுதான் டிடிஎஸ், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். குடிக்க 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு.

இந்தத் தோல் கழிவு கோர்ட்டுக்குப் போன வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு நம்ம வேலூர்க் குடிமக்கள் அமைப்பு போட்ட வழக்கு. 2025 ஜனவரியில் மறுபடி ஒரு தீர்ப்பு, இழப்பீட்டை அரசாங்கம் உடனே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள் என்று. நடுவில் ஓடியது 29 வருடம். அடிநீரோட்டத்தின் வேகத்தை முன்னால் சொன்னேன் இல்லையா, அதனால் உப்பு ஒரு தடவை உள்ளே போனால் வெளியேறவும் அதே வேகம்தான், தீர்ப்பு வந்த அன்றைக்குக் கிணறு இனிக்காது.

நல்லதாக நடப்பதும் ஒன்றிரண்டு இருக்கிறது. கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் ஓடைக்குள் உறைகள் இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் கட்டினார்கள். செறிவூட்டல் என்றால் மழைத் தண்ணீரை வேண்டுமென்றே கீழே இறக்கிவிடுவது. உறைக்குள் கல்லும் ஜல்லியும் போட்டு, வெள்ளம் வருகிறபோது கெட்டியான மேல்மண்ணைத் தாண்டித் தண்ணீர் நேராக உள்ளே போக ஒரு வாசல் வைக்கிற வேலை. பாட்டியின் ஊற்றைத் தலைகீழாகப் போட்டது மாதிரி. பாலாற்றிலும் நம் பக்கம் தடுப்பணைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆந்திரா கட்டினால் துரோகம், நாம் கட்டினால் திட்டம் என்கிற வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மணல் மிச்சமிருக்கிற இடத்தில் கட்டினால் பலன் கிடைக்கும், பாறை தெரிகிற இடத்தில் கட்டினால் கொசுதான்.

அடுத்த தடவை பள்ளிகொண்டாவிலோ விரிஞ்சிபுரத்திலோ ஆற்றைக் கடந்தால், நடுவில் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் மட்டை தொங்காமல் நிற்கிற தென்னந்தோப்பு எந்த இடத்தில் முடிந்து மொட்டை மரங்கள் ஆரம்பிக்கின்றன என்று பாருங்கள். அந்த இடத்தில் ஆற்றுக்குள் இறங்கிப் போனால் பெரும்பாலும் லாரித் தடமும் ஆளுயரப் பள்ளமும் இருக்கும்.